கிராங்க் புல்லிக்குள்ள ஒரு ரப்பர் வளையம் - கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் வயித்தெரிச்சல்

மக்களே, தலைப்பைப் பாத்துட்டு "ஐயையோ, டெக்னிக்கல் பதிவு"ன்னு அப்பீட் ஆயிராதீங்க. இதுல கார் இருக்கு, கப்பல் இருக்கு, ஆகாயக் கப்பல்கூட இருக்கு. கடைசியில என் சித்தப்பா இருக்கார். முழுசாப் படிச்சுட்டு அப்புறமா பின்னூட்டத்துல வந்து கும்முங்க :-)

விஷயம் போன மாசம் ஆரம்பிச்சது. காலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணினா முன்பக்கமிருந்து கீச் கீச்சுன்னு சத்தம். ஏசி போட்டா சத்தம் இன்னும் கூடுது. பெல்ட் தேஞ்சிருக்கும்னு ரெண்டு நாள் அப்படியே ஓட்டினேன் (சோம்பேறித்தனம்னு சொன்னாலும் ஒத்துக்கறேன்). மூணாவது நாள் பேட்டரி விளக்கு மினுக் மினுக்குன்னு கண்ணடிச்சுது. சரி, இனியும் தாங்காதுன்னு கணபதி பக்கம் பட்டறை வெச்சிருக்கற நம்ம தம்பிகிட்ட கொண்டு போய் விட்டேன். பழைய டீசல் கார், ஒரு லட்சத்து நாப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடின வண்டி.

தம்பி முன் சக்கரத்தைக் கழட்டி, உள்ள இருந்த பிளாஸ்டிக் மூடியையும் எடுத்துட்டு டார்ச் அடிச்சுப் பாத்தார்.

"அண்ணா, பெல்ட் நல்லாத்தான் இருக்குங்ணா. கிராங்க் புல்லிதான் ஆடுது. ரப்பர் விட்டுப்போச்சு பாருங்க."

குனிஞ்சு பாத்தேன். என்ஜின் ஓட ஓட, புல்லியோட வெளி வளையம் கோணலாச் சுத்துது. கல்யாண வீட்டுல அவசரமா வட்டமடிக்கற அப்பளம் மாதிரி. சுத்தியும் கருப்பா ரப்பர் தூள்.

"புதுசு போட்டா அஞ்சாயிரத்துக்கு மேல ஆயிருங்ணா. வேணும்னா உள் வளையத்தையும் வெளி வளையத்தையும் சேத்து நாலு எடத்துல வெல்டு வெச்சுத் தர்றேன். ஐந்நூறு ரூபாய்ல முடிஞ்சுரும்."

அந்த 'வெல்டு'ங்கற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2011. சித்தப்பா கடன் போட்டு ஒரு டீசல் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டிட்டிருந்தார். ஒரு நாள் இதே கீச் கீச், இதே ஆட்டம். அப்ப ஒரு பட்டறைல புல்லியில வெல்டு வெச்சுக் குடுத்தாங்க. சத்தம் நின்னுருச்சு, ஆட்டமும் நின்னுருச்சு. சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஒன்பது மாசம் கழிச்சு, பாலக்காட்டுல சவாரியை இறக்கிட்டுத் திரும்பி வர்றப்ப, வாளையார்கிட்ட 'டமார்'னு ஒரு சத்தம். என்ஜின் நின்னுருச்சு. பிரிச்சுப் பாத்தா கிராங்க் ஷாஃப்ட் முன்பக்கம் ரெண்டா உடைஞ்சிருக்கு. என்ஜின் வேலைக்குக் கேட்ட பணத்தைப் புரட்ட முடியல. தவணை நின்னுது. வண்டியும் போச்சு. அப்புறம் பல வருஷம் அவர் அடுத்தவங்க வண்டிக்குத்தான் டிரைவர். "நம்ம நேரம்டா"ன்னு ஒத்தை வார்த்தையோட முடிச்சுக்குவார்.

வெல்டு மட்டும்தான் காரணம்னு இன்னிக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா 'நேரம்'னு மட்டும் ஒத்துக்க மாட்டேன். ஏன்னா அந்த ரப்பர் வளையம் எதுக்கு அங்க வந்துச்சுன்னு தேடிப் படிச்சப்ப, இதே மாதிரி உடைஞ்ச ஷாஃப்டுகளோட நூத்துச் சொச்ச வருஷக் கதை கிடைச்சுது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

முதல்ல ஒரு சின்ன விளக்கம்

கிராங்க் ஷாஃப்ட் கெட்டியான இரும்புத் தண்டு, அது எங்க முறுங்கப் போகுதுன்னு நாம நினைக்கறோம். முறுங்கும் மக்களே. ஈரத்துணியைப் பிழியற மாதிரி முறுங்கும். என்ன, ஒரு டிகிரியில சின்னப் பங்கு அளவுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாது.

நாலு சிலிண்டர் என்ஜின்ல கிராங்க் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள ரெண்டு தடவை வெடிப்பு நடக்குது. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்குக்கு ஒரு சம்மட்டி அடி. வெடிப்புக்கு முன்னாடி காத்தை அழுத்தறப்ப வேகம் கொஞ்சம் குறையும், வெடிச்சதும் ஏறும். ஆக, கிராங்க் ஒரே சீராச் சுத்தறதே இல்ல. விட்டு விட்டு உதறிட்டேதான் சுத்துது. 2000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 4000 அடி. ஒரு லட்சம் கிலோமீட்டரை சராசரி 40 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டினா 2500 மணி நேரம். பெருக்கிப் பாருங்க, அறுபது கோடி அடி!

அதுலயும் டீசல்னா அடி கொஞ்சம் முரட்டு அடி. பெட்ரோல் என்ஜின் காத்தையும் பெட்ரோலையும் ஏறத்தாழ பத்துல ஒரு பங்கா அழுத்தும். டீசல்ல பதினாறுல ஒரு பங்கு, பழைய வண்டிகள்ல இருபதுக்கும் மேல. அந்த அழுத்தத்துல வர்ற சூட்டுலதானே டீசல் தன்னால பத்திக்குது.

சரி, அடி விழுந்தா என்ன, தாங்காதா? தாங்கும். பிரச்சினை ஊஞ்சல் கணக்கு. ஊஞ்சலைக் கண்ட நேரத்துல தள்ளினா ஒண்ணும் ஆகாது. அது போய்த் திரும்பற தருணம் பாத்து லேசாத் தள்ளினாப் போதும், எகிறிட்டே போகும். கிராங்குக்கும் தனக்குன்னு ஒரு தாளம் இருக்கு. வெடிப்புகளோட தாளம் அதோட ஒத்துப்போற வேகத்துல முறுக்கு எகிறும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைச்சு வளைச்சு ஒடிப்போமே, அந்த மாதிரி ஒரு நாள் பட்டுனு ஒடியும். ஒடியற வரைக்கும் வெளிய ஒண்ணும் தெரியாது. அதான் இதுல இருக்கற கொடுமை.

கப்பல்ல ஆரம்பிச்ச கதை

இந்த நோயை முதல்ல முறையா ஆராய்ஞ்சது கார்க்காரங்க இல்ல, கப்பல்காரங்க. நல்ல கெட்டியா வார்த்த ஷாஃப்டுகள் நடுக்கடல்ல உடைஞ்சுட்டே இருந்துச்சு. கணக்குப் போட்டா உடையவே கூடாது, ஆனா உடையுது. ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்துல இருந்த ஹெர்மன் ஃப்ராம்ங்கற பொறியாளர், ஓடற கப்பலோட ஷாஃப்ட் எவ்வளவு முறுங்குதுன்னு அளந்து 1902ல வெளியிட்டார். ஷாஃப்டுல குத்தம் இல்ல, தாளம் ஒத்துப்போறதுதான் வினைன்னு தெரிய வந்துச்சு.

அதே ஃப்ராம் 1909ல இன்னொரு யோசனைக்குக் காப்புரிமை கேட்டார். அதிர்ற பொருளோட ஒரு சின்ன எடையை ஸ்பிரிங் மாதிரி ஒண்ணு வெச்சு இணைச்சுட்டா, அந்தச் சின்ன எடை எதிர்ப்பக்கம் ஆடி, பெருசோட ஆட்டத்தை வாங்கிக்கும். நம்ம புல்லிக்குப் பெரியப்பா முறை ஆகற யோசனை இது. (அமெரிக்கக் காப்புரிமை 1911ல கிடைச்சுது.)

ராய்ஸும் லான்செஸ்டரும்

இப்ப கார். 1905 வாக்குல இங்கிலாந்துல ஆறு சிலிண்டர் கார்னா பெரிய மவுசு. ஆறு சிலிண்டர்னா கிராங்க் நீளம். நீளமான தண்டு சுலபமா முறுங்கும், அதோட தாளமும் மெதுவா இருக்கும். விளைவு, சாதாரணமா ஓட்டற வேகத்துலயே ஊஞ்சல் கணக்கு வந்து மாட்டும். ரோல்ஸ்-ராய்ஸோட முப்பது குதிரைசக்தி ஆறு சிலிண்டர் காருக்கே இந்தத் தலைவலி இருந்துச்சுன்னா பாத்துக்கங்க.

ஹென்ரி ராய்ஸ் சும்மா விடற ஆளா? கிராங்கோட முன் முனையில ஒரு சின்ன ஃப்ளைவீலை இறுக்காம, உராய்ஞ்சு வழுக்கற மாதிரி மாட்டினார். 1906ல வந்த அடுத்த காருல, அதாங்க பின்னாடி 'சில்வர் கோஸ்ட்'னு உலகம் கொண்டாடுன காரு, கிராங்கையே தடியாக்கி ஏழு பேரிங் குடுத்துத் தாங்க வெச்சார்.

இன்னொரு பக்கம் ஃபிரெடெரிக் லான்செஸ்டர். இவரு கார், விமானம், கணக்குன்னு எல்லாத்துலயும் கை வெச்ச மேதை. 1909ல டைம்லர் கம்பெனிக்கு ஆலோசகராப் போனார். அங்கயும் ஆறு சிலிண்டர், அங்கயும் இதே உதறல். ஒரு கூட்டுக்குள்ள தட்டுகளை அடுக்கி, நடுவுல எண்ணெய் விட்டு, அதை கிராங்க் முனையில மாட்டினார். கிராங்க் உதறுனா, சுதந்திரமா இருக்கற எடை "நான் சீராத்தான் சுத்துவேன்"னு அடம் பிடிக்கும். ரெண்டுக்கும் நடுவுல எண்ணெய் உராய்ஞ்சு, உதறலைச் சூடா மாத்தி வெளிய விட்டுரும். அவர் இதுக்குக் காப்புரிமையும் எடுத்தார். யார் முதல்லங்கறது இன்னிக்கும் பழைய கார் பிரியர்கள் மத்தியில ஓடற பஞ்சாயத்து. பேரு என்னமோ 'லான்செஸ்டர் டேம்பர்'னு நின்னுருச்சு.

இங்க ஒரு குழப்பத்தைத் தெளிவு பண்ணிடறேன். லான்செஸ்டர் கிராங்கை விட ரெண்டு மடங்கு வேகத்துல எதிரெதிராச் சுத்தற ரெட்டைத் தண்டும் கண்டுபிடிச்சார். அது நாலு சிலிண்டர் என்ஜின் மேலும் கீழும் குலுங்கறதை நிறுத்த. 1975ல மிட்சுபிஷி அதைத் தூசி தட்டி எடுத்து மறுபடி பிரபலமாக்கினாங்க. அது வேற, முறுக்கை நிறுத்தற இந்த டேம்பர் வேற. அமெரிக்காவுல இந்தப் புல்லியையே 'ஹார்மோனிக் பேலன்சர்'னு கூப்பிடறதால நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணாக் கலக்கிடறாங்க.

சரி, ஏன் முன் முனையில மாட்டணும்? பின் முனையில கனமான ஃப்ளைவீல் பிடிச்சுக்கிட்டு இருக்கு, அங்க ஆட்டம் கம்மி. முன் முனைதான் சும்மா கிடக்கற வால், அங்கதான் ஆட்டம் அதிகம். கோயில் மணியை அடிச்சுட்டு விளிம்புல கை வெச்சா ஓசை சட்டுனு நிக்குமே, அதே மாதிரி அதிகம் ஆடற இடத்துல கை வைக்கறாங்க. பெல்ட் ஓட்டற புல்லியும் அதே முனையில இருக்கறதால, ரெண்டையும் ஒரே பொருளாக்கிட்டாங்க. அதனாலதான் நாமளும் அதை வெறும் புல்லின்னு நினைச்சுட்டோம்!

வானத்துலயும் அதே கதை

இந்தப் பாடம் எவ்வளவு விலை கொடுத்துப் படிச்ச பாடம்ங்கறதுக்கு ஒரு உதாரணம். 1929 மே மாசம் 'கிராஃப் செப்பலின்' ஆகாயக் கப்பல் ஜெர்மனியிலிருந்து பயணிகளோட அமெரிக்காவுக்குக் கிளம்புச்சு. தளபதி ஹ்யூகோ எக்கனர். மொத்தம் அஞ்சு என்ஜின். ஒண்ணு பின்னால ஒண்ணா நாலு என்ஜின் செத்துப்போச்சு, கிராங்குகள்தான் காரணம். மிச்சம் ஒரே ஒரு என்ஜினோட காத்துல தவிச்சு, தென் பிரான்ஸ்ல கியூயர்ஸ்ங்கற இடத்துல எப்படியோ இறக்கினாங்க. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்ல.

இதுக்கு நடுவுல கணக்கும் வளர்ந்துச்சு. 1921ல ஹோல்ட்சர், முறுக்கு அதிர்வைக் காகிதத்துலயே கணக்குப் போட ஒரு வழி சொன்னார். 1928ல ஆர்மண்ட்ராய்டும் டென் ஹார்டாகும், டேம்பருக்கு எவ்வளவு எடை, எவ்வளவு உராய்வு வெச்சா சரியா வரும்னு எழுதினாங்க. அப்புறம் எண்ணெய்த் தட்டுகளோட இடத்தை, கார்கள்ல பெரும்பாலும் எளிமையான ரப்பர் பிடிச்சுக்கிச்சு. உள்ள ஒரு இரும்பு, வெளிய ஒரு கனமான இரும்பு வளையம், நடுவுல ரப்பர். ஸ்பிரிங்கும் அதுதான், உராய்வும் அதுதான். முடிஞ்சுது கதை.

டீசல் காருக்குள்ள

ருடால்ஃப் டீசலோட என்ஜின் 1897ல ஆக்ஸ்பர்க் நகரத்துல சோதனையில ஜெயிச்சப்ப, அது ஆளை விட உசரமான ஒத்தை சிலிண்டர் ராட்சசன், மெதுவாத்தான் சுத்தும். அது காருக்குள்ள அடங்க 1936 ஆச்சு. அந்த வருஷம் மெர்சிடிஸ் 260 டி வந்துச்சு. 2545 சிசி, 45 குதிரைசக்தி.

நம்ம ஊருக்கு வருவோம். 1980 வாக்குல அம்பாசடர்ல டீசல் வந்துச்சு. 1489 சிசி, 37 குதிரைசக்தி. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினா நாம இறங்கித் தள்ளணுமோன்னு தோணும், ஆனா அசராத என்ஜின். 1998 கடைசியில 1405 சிசி டீசலோட இண்டிகா. 2007ல ஸ்விஃப்ட்டுக்குள்ள ஃபியட் வடிவமைச்ச 1248 சிசி மல்டிஜெட், 75 குதிரைசக்தி.

கணக்கைக் கவனிச்சீங்களா? என்ஜின் சின்னதாச்சு, சக்தி ரெண்டு மடங்காச்சு. அதாவது சின்னக் கிராங்குக்கு முன்னை விடப் பெரிய அடி. கூடவே புல்லிக்கு இன்னொரு சுமையும் ஏறுச்சு. முன்னெல்லாம் தனித்தனி பெல்ட். 1979ல ஃபோர்டு மஸ்டாங்ல ஒரே நீள பெல்ட் வளைஞ்சு நெளிஞ்சு எல்லாத்தையும் ஓட்டற முறை வந்து, அது உலகம் பூரா பரவிருச்சு. ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், பல வண்டிகள்ல பவர் ஸ்டியரிங், தண்ணி பம்ப்புன்னு எல்லாத்தையும் அந்த ஒரே பெல்ட்தான் இழுக்குது. சில டீசல் புல்லிகள்ல ரெண்டு ரப்பர்கூட இருக்கும். ஒண்ணு கிராங்கோட முறுக்குக்கு, இன்னொண்ணு பெல்ட்டுக்கு உதறல் போகாம தடுக்க.

ஆக, சூட்டுல வெந்து, எண்ணெய் கசிஞ்சா அதுலயும் ஊறி, கோடிக்கணக்கான உதறலைத் தான் வாங்கிக்கிட்டு அந்த ரப்பர் தேயுது. அது தேய்மானப் பொருள் மக்களே. கிராங்க் சாகாம இருக்க அது சாகுது. அதைப் போய் வெல்டு வெச்சா என்ன ஆகும்? ஆட்டம் நிக்கும், சத்தம் நிக்கும், எல்லாம் சரியாயிட்ட மாதிரியே இருக்கும். ஆனா உதறலை வாங்கிக்க இனி ஆளில்லை. அது கூடவே கிராங்கோட வால்ல ஒரு கனத்தையும் கட்டி விட்டாச்சு. 1905ல இருந்த இடத்துக்கே வண்டியத் திருப்பிக் கொண்டு போன மாதிரி.

பட்டறையில

தம்பிகிட்ட இவ்வளவும் சொல்லல, பயந்துக்குவார் :-) மணி உதாரணமும் சித்தப்பா கதையும் மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

"நெசமாவாங்ணா? நான் மூணு நாலு வண்டிக்கு வெச்சுக் குடுத்திருக்கேனே…"

அன்னிக்குச் சாயங்காலமே அந்த வண்டிக்காரங்களுக்கு போன் போட்டுட்டார். அதுக்காகவே அவருக்கு ஒரு சலாம். என் வண்டிக்குப் புதுப் புல்லி, புது பெல்ட், புது போல்ட். ஆமாங்க, நிறைய வண்டிகள்ல அந்த நடு போல்ட் ஒரு தடவைதான். இறுக்கறப்ப நீண்டு பிடிக்கிற ரகம், பழசையே திருப்பிப் போடக் கூடாது. சில என்ஜின்கள்ல டைமிங் பல்சக்கரத்தையே அந்த போல்ட்டோட இறுக்கம்தான் பிடிச்சு வெச்சிருக்கு, சாவிக்கட்டை கிடையாது. அங்க கண்ணு மதிப்புல இறுக்கினா டைமிங் நகர்ந்து வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வெச்சுத்தான் இறுக்கணும்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. என்ஜினை நிறுத்திட்டு, புல்லியோட உள் வளையத்துலருந்து ரப்பர் மேல போய் வெளி வளையம் வரைக்கும் சாக்பீஸ்லயோ பெயிண்ட்லயோ நேரா ஒரு கோடு போடுங்க. கொஞ்ச நாள் ஓட்டிட்டு, மறுபடி நிறுத்திட்டுப் பாருங்க. கோடு ரெண்டா விலகியிருந்தா ரப்பர் வழுக்குதுன்னு அர்த்தம். ரப்பர் வெடிச்சிருந்தாலோ, வெளிய பிதுங்கியிருந்தாலோ, புல்லி கோணலாச் சுத்தினாலோ யோசிக்காம மாத்திருங்க. பெல்ட்டை மட்டும் மாத்தி ஏமாறாதீங்க. "என் வண்டில ரப்பரே இல்லையே"ன்னு கேக்கறவங்களுக்கு: சில சின்ன என்ஜின்கள்ல ரப்பர் இல்லாத கெட்டிப் புல்லிதான் இருக்கும், அது வேற கணக்கு. 2020ல பிஎஸ்-6 வந்தப்போ பல சின்ன டீசல் என்ஜின்களை நிறுத்திட்டாங்க. நம்ம கையில இருக்கற பழசை நாமதான் பாத்துக்கணும்.

பழைய புல்லியை எடுத்துட்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சித்தி குடுத்த காப்பியை வெச்சுட்டு, அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். வெடிச்சிருந்த ரப்பரைக் கட்டை விரலால அழுத்தினார்.

"இத்துனூண்டு ரப்பரா?"

"ஆமாங் சித்தப்பா."

ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னார்: "வெல்டு வெச்ச பையன் நல்ல பையன்டா. எனக்குக் காசு மிச்சம் பண்ணித் தரணும்னுதான் வெச்சான். அவனுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

அதான் மக்களே இந்தப் பதிவு. ராய்ஸுக்கும் லான்செஸ்டருக்கும் நூறு வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம், வாளையார் ரோட்டுல ஓடற ஒரு வண்டிக்காரருக்கு வந்து சேரல. உங்களுக்குத் தெரிஞ்ச பட்டறையில ஒருத்தருக்காவது சொல்லுங்க.

அப்புறம், சாக்பீஸ் கோடு போட மறந்துராதீங்க. வர்ட்டா.